பொழிப்புரை வேறு, கட்டுரை வேறு

அமெரிக்காவில் நடுநிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியையாக இருக்கும் தமிழர் ஒருவரிடம் பெற்றோரும் மாணவர்களும் கேட்டவை.

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு. கிரேக்கப் புராணத்தில் வரும் அராக்னியைப் பற்றி இரண்டு பக்கம் பிழையில்லாமல் எழுதினாள். 'இது கதைச் சுருக்கம், கட்டுரை அல்ல' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்கே தவறு, டீச்சர்?

பதில்: தவறு நம்மிடமிருந்து அவளுக்கு வந்திருக்கலாம். நாமெல்லாம் பொழிப்புரை எழுதியே மதிப்பெண் வாங்கியவர்கள். இங்கே கதை ஆசிரியைக்கு ஏற்கெனவே தெரியும். மாணவி அதைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பதுதான் கேள்வி.

'அராக்னி தெய்வத்தோடு நெசவுப் போட்டிக்குப் போய்ச் சிலந்தியானாள்' என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. மறுக்க இடமில்லாத வாக்கியத்தில் கட்டுரை பிறக்காது. 'கர்வத்துக்குத் தண்டனை கிடைத்தது' என்பது சற்று மேல்; ஆனால் பாதி வகுப்பு அதைத்தான் எழுதும்.

ரோமானியக் கவிஞர் ஓவிட் இந்தக் கதையை எப்படிச் சொல்கிறார் என்று மகளைப் படிக்கச் சொல்லுங்கள். தெய்வங்கள் உருமாறிப் பெண்களை ஏமாற்றிய காட்சிகளை அராக்னி துணியில் நெய்கிறாள். அவளோடு போட்டியிட்ட மினர்வா தேவியால் அந்த வேலைப்பாட்டில் ஒரு குறையும் காண முடியவில்லை. ஆத்திரத்தில் துணியைக் கிழித்து, தறி நாடாவால் அவள் நெற்றியில் அடிக்கிறாள். இதைப் படித்த பிறகு, 'அராக்னி தண்டிக்கப்பட்டது கர்வத்துக்காக அல்ல, தெய்வங்களின் குற்றத்தைக் காட்டியதற்காக' என்று எழுதலாம். உடனே ஒருவர், 'போட்டிக்கு அழைத்ததே அராக்னிதானே?' என்பார். அதற்குப் பதில் சொல்லும் பத்திதான் கட்டுரையின் உயிர். ஓவிடையே கி.பி. 8-இல் பேரரசர் அகஸ்டஸ் கருங்கடல் கரைக்கு நாடு கடத்தினார் என்பதை நான் வகுப்பில் சொன்னால், தூங்குகிற பையன்கூட நிமிர்ந்து உட்காருவான்.

கேள்வி: ஒரு பத்தியில் எத்தனை மேற்கோள் வேண்டும்?

பதில்: ஒன்று போதும். மேற்கோள் ஒரு வரி என்றால் உங்கள் விளக்கம் இரண்டு வரியாவது இருக்கட்டும். மேற்கோளை வைத்துவிட்டு அடுத்த பத்திக்கு ஓடிவிடுவதுதான் ஆறாம் வகுப்பின் தேசிய வியாதி.

கேள்வி (ஆறாம் வகுப்பு மாணவன்): கிரேக்கப் புராணத்தில் பண்டோரா என்ற பெண் திறந்தது பெட்டிதானே? எங்கள் புத்தகத்தில் ஜாடி என்று இருக்கிறது.

பதில்: புத்தகம் சொல்வது சரி, தம்பி. கிரேக்கக் கவிஞர் ஹெசியட் சொன்னது பெரிய தாழியைத்தான். 16-ஆம் நூற்றாண்டில் டச்சு அறிஞர் எராஸ்மஸ் லத்தீனில் எழுதியபோது அது பெட்டியாகிவிட்டது. அவள் திறந்ததும் துன்பங்களெல்லாம் வெளியே பறந்துவிட்டன; உள்ளே கடைசியாகத் தங்கியது நம்பிக்கை. துன்பங்களோடு நம்பிக்கையை ஏன் ஒரே தாழியில் வைத்தார்கள்? அதைப் பற்றி எழுது.

கேள்வி: மகன் எட்டாம் வகுப்பு. கட்டுரையில் நம் புராணக் கதைகளைக் கொண்டுவந்தால் மதிப்பெண் குறையுமா?

பதில்: கேட்ட கேள்விக்குப் பொருந்தினால் குறையாது. பல மாநிலங்கள் பின்பற்றிய, 2010-இல் வெளியான காமன் கோர் பாடத்தரம், புதிய படைப்பு ஒன்று பழைய புராணங்களிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்று ஆராய்வதை எட்டாம் வகுப்புக்கே வைத்திருக்கிறது. எந்த ஊர்ப் புராணம் என்று வரம்பு கட்டவில்லை.

என்னைக் கேட்டால் அராக்னிக்குப் பக்கத்தில் நக்கீரரை உட்கார வைப்பேன். ஒருத்தியின் வேலையில் தெய்வத்தால் குற்றம் காண முடியவில்லை. இன்னொருவர் தெய்வத்தின் பாட்டிலேயே குற்றம் கண்டார். இருவருக்கும் தண்டனை. ஆனால் நக்கீரர் பொற்றாமரைக் குளத்திலிருந்து கரையேறிவிட்டார், அராக்னி இன்னும் நூலில் தொங்குகிறாள். இந்த வேறுபாடு ஏன் என்று மகன் யோசிக்கட்டும். நக்கீரர் யார் என்பதை மட்டும் இரண்டு வரியில் சொல்லிவிட வேண்டும். ஆசிரியை மதுரைக்காரர் அல்ல.

கேள்வி: மகளின் கட்டுரையை நான் திருத்திக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது, சார். கண்டுபிடித்துவிடுவோம். பன்னிரண்டு வயதுப் பெண் 'மேற்படி விஷயமாக' என்ற தோரணையில் ஆங்கிலம் எழுத மாட்டாள். அவளை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் 'ஏன் அப்படிச் சொல்கிறாய்?' என்று கேளுங்கள். பேனா அவள் கையிலேயே இருக்கட்டும்.