அந்த டிவில என்ன ஓடும் தம்பி?

கேள்வி: மே மூணாவது வாரம் 5 நைட் தாய்லாந்துல புக்கெட் போறோம். நான், வைஃப், 9 வயசுப் பையன், 4 வயசுப் பொண்ணு, கூட எங்க அம்மா (69 வயசு, மூட்டு வலி உண்டு). ஹோட்டல் மூணு ஷார்ட்லிஸ்ட் பண்ணிருக்கேன். ஒண்ணு பாட்டாங்ல, பார் எல்லாம் இருக்கிற பங்லா ரோட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி, ரூஃப்டாப் பூல். ரெண்டாவது காட்டால மலைச்சரிவுல, சீ வியூ சூப்பர். மூணாவது ஏர்போர்ட் பக்கம் மை காவ் பீச்ல பெரிய ரிசார்ட், ஆனா சுத்தி ஒண்ணும் இல்ல. எனக்கு பாட்டாங்தான் பிடிச்சிருக்கு, எல்லாம் நடக்கிற தூரம், இந்தியன் ரெஸ்டாரன்ட் நிறைய, அம்மாவுக்கும் சாப்பாட்டுப் பிரச்சனை இருக்காது. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, தனியா வெளிய போயே வருஷக்கணக்காச்சு, அதனால நைட்ல வெளிய போகலாம்னு பிளான், பசங்க அம்மா ரூம்ல படுத்துப்பாங்க. ஒரு நாள் ஃபி ஃபி தீவு போட் ட்ரிப், அதுக்கு அம்மா வரல. அம்மாவுக்கு ரூம்ல ஒரு டிவி இருந்தா போதும். எதை எடுக்கலாம், குழந்தைங்க குளிக்க எந்த பீச் நல்லது?

பதில்: அந்த டிவில என்ன ஓடும்னு பாத்தீங்களா தம்பி? பூல் எந்த மாடில இருக்குன்னு தெரியும், பங்லா ரோடு எத்தன தெரு தள்ளின்னு தெரியும், சீ வியூ எப்படின்னு தெரியும், ஆனா அம்மாவுக்குன்னு நீங்க கேட்ட ஒரே வசதி அந்த டிவி, அதப் போட்டுப் பாத்தா தாய்லாந்து பாஷைல ஒருத்தர் பேசிட்டிருப்பார், அடுத்த சேனல்ல இங்கிலீஷ் நியூஸ், அதுக்கு அடுத்தது ரஷ்யனோ சைனீஸோ. தமிழ் வரும்னு நம்பிப் போகாதீங்க. அஞ்சு நாள் அவங்க ரிமோட்ட அமுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?

அம்மாவையும் கூட்டிட்டுப் போறீங்களே, நல்ல பிள்ளைன்னு நான் ஆரம்பிப்பேன்னு எதிர்பாத்திருப்பீங்க. சொல்ல மாட்டேன். லீவு நெருங்கினா இந்த லெட்டர் வர ஆரம்பிச்சுடும், ஊர் மட்டும் மாறும், பாலி, கோவா, பட்டாயான்னு, ஆனா எல்லாத்துலயும் ஒரு பெரியவங்க இருப்பாங்க, அவங்களப் பத்தி ஒரே ஒரு வரி இருக்கும், அந்த வரி எப்பவும் "இருந்தா போதும்"னுதான் முடியும். அவங்க வாயால போதும்னு சொன்னாங்களா இல்ல நீங்களே அவங்களுக்காகச் சொல்லிட்டீங்களா? உங்க லெட்டர்ல அம்மா ஒரு வார்த்த கூட பேசல. அத நான் ரெண்டு தடவ படிச்சுப் பாத்துட்டுதான் சொல்றேன்.

சரி, கணக்குப் போடுவோம். நைட் எட்டு மணிக்கு நீங்க ரெண்டு பேரும் கிளம்புனா திரும்பி வர்றதுக்கு பன்னண்டு ஆயிடும், அது வரைக்கும் அவங்க பசங்களோட ரூம்ல. ஃபி ஃபி போற அன்னைக்கு காலைல ஏழு, ஏழரைக்கெல்லாம் வேன் வந்து ஏத்திட்டுப் போயிடும், திரும்ப சாயங்காலம் ஆயிடும், அன்னைக்குப் பூரா அவங்க ரூம்ல. நீங்க பீச்சுக்குப் போற நேரம், மணல்ல மூட்டு வலியோட எவ்வளவு தூரம் நடப்பாங்க, அப்பவும் ரூம்லதான். நீங்க ஷாப்பிங் போறப்பவும் அப்படியே. கூட்டிப் பாருங்க, அந்த ஹோட்டல்ல எல்லாரையும் விட அதிக நேரம் இருக்கப் போறது அவங்கதான், நீங்க தூங்கவும் குளிக்கவும்தான் வரப் போறீங்க. அப்ப ஹோட்டல் யாருக்குப் பாக்கணும்? வெளிய சுத்துறவனுக்கு எந்த ஹோட்டலா இருந்தா என்ன, ஒரு ஆட்டோ புடிச்சா போச்சு. வெளிய போக முடியாதவங்களுக்குத்தான் ஹோட்டல். நீங்க தலைகீழா பண்ணி வெச்சிருக்கீங்க.

அதுக்கு மேல, வீட்ல நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனா ஸ்கூல் விட்டு வர்ற பசங்களுக்கு யார் கதவு திறக்கறாங்க, யார் சாப்பாடு போடறாங்கன்னு நீங்க எழுதல, எனக்குத் தெரியும். அதே வேலைய புக்கெட்லயும் பாக்கணும்னா அவங்களுக்கு இது டூர் இல்ல, டியூட்டி எடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். இதுல "அம்மாவுக்கு சாப்பாட்டுப் பிரச்சனை இருக்காது"ன்னு அவங்க பேர வெச்சு பாட்டாங்கை ஜஸ்டிஃபை பண்ணிருக்கீங்க பாருங்க, அதுதான் எனக்கு ரொம்ப கோவம். பாட்டாங் உங்களுக்கு வேணும். வேணும்னு சொல்லுங்க, தப்பில்ல. அவங்க தட்டு மேல பழிய போடாதீங்க. பக்கத்து பீச்சான கரோன், காட்டா பக்கமும் இந்தியன் ரெஸ்டாரன்ட் இருக்கு, அதுவும் இல்லன்னா மஞ்சக் கொடில சிவப்பு எழுத்து போட்டிருக்கிற கடைல கறி, மீன், முட்டை எதுவும் சேக்க மாட்டாங்க, வெங்காயம் பூண்டு கூட கிடையாது.

இப்ப பீச். இது ஒண்ண மட்டும் நல்லா கேட்டுக்குங்க. புக்கெட்டோட பேர் போன பீச் எல்லாம் மேற்குக் கரைல இருக்கு, மே மாசத்துலருந்து அக்டோபர் வரைக்கும் அங்க தென்மேற்குப் பருவக்காத்து, கடல் கொந்தளிக்கும். போட்டோல நீங்க பாக்கற அந்த கண்ணாடித் தண்ணி நவம்பர்லருந்து ஏப்ரல் வரைக்கும் உள்ள கடல். நீங்க போற நேரத்துல சிவப்புக் கொடி நட்டிருந்தா இறங்கக் கூடாது, முட்டி அளவுதானேன்னு கூட கூடாது, லைஃப்கார்டு விசில் அடிச்சா வெளிய வரணும். கரைக்கு வந்த தண்ணி ஒரு குறுகலான வழியா திரும்ப வேகமா உள்ள ஓடும், அந்த இடத்துல அலை உடையாது, பாக்க அமைதியா இருக்கும், இங்கதான் அலை இல்லயேன்னு ஜனங்க குழந்தையோட அங்கயே இறங்குவாங்க. நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களே கரையப் பாத்து எதிர்த்து நீந்தி களைச்சுப் போய் செத்திருக்காங்க. மாட்டிக்கிட்டா கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளிய வரணும், ஆனா 4 வயசுப் பொண்ணுக்கு இத எப்படிச் சொல்லிக் குடுப்பீங்க? அதனால குழந்தைங்க குளிக்க எந்த பீச்சுன்னு நீங்க கேட்டதுக்கு பதில், அந்த மாசத்துல எதையும் நம்பிப் போகாதீங்க, பூல நம்பிப் போங்க. மழை புடிச்சா நீங்களும் ஹோட்டல்லயேதான் உக்காரணும், அப்பத்தான் அம்மாவோட கஷ்டம் புரியும்.

பூல்னதும் ரூஃப்டாப்ப நினைக்காதீங்க. மொட்டமாடில நிழல் கம்மி, இடி மின்னல் வந்தா மூடிடுவாங்க, நிறைய எடத்துல அது பெரியவங்க போட்டோ எடுத்துக்கறதுக்குன்னே கட்டினது. குழந்தைங்களுக்குத் தனியா ஆழம் கம்மியான பூல் இருக்கணும், பக்கத்துல அம்மா நிழல்ல முதுகு சாஞ்சு உக்கார நாற்காலி இருக்கணும், பூலோரம் போட்டிருக்கிற நீள சாய்வு நாற்காலில படுத்தா மூட்டு வலிக்காரங்களால எழுந்திரிக்க முடியாது. அப்புறம் பூல் ஆக்சஸ் ரூம்னு ஒண்ணு காட்டுவாங்க, கதவத் திறந்தா நேரா தண்ணி. ஆஃபர்ல குடுத்தாலும் எடுக்காதீங்க. நைட் பத்து மணிக்கு நீங்க வெளிய இருக்கும்போது பொண்ணு கதவத் திறந்துட்டா, உங்க அம்மா அந்த முட்டியோட ஓடிப் போய்ப் புடிக்கணும்.

மூணு ஹோட்டலையும் அவங்க கண்ணால பாப்போம். பங்லா ரோடு சாயங்காலமானா வண்டி விடாம மூடிடுவாங்க, பார் மியூசிக் நடுராத்திரி தாண்டியும் ஓடும், ரெண்டு தெரு தள்ளின்னா ஜன்னல் அதிரும். பசங்க தூங்க மாட்டாங்க, அவங்களும் தூங்க மாட்டாங்க, நீங்க அந்த சத்தம் வர்ற எடத்துலயே இருப்பீங்க, உங்களுக்கு எங்க தெரியப் போகுது. நடைபாதையும் ஏறி இறங்கி இருக்கும், பைக் நிறுத்தி வெச்சிருப்பாங்க. பாட்டாங்தான் வேணும்னு அடம் புடிச்சா வடக்கு முனைல கலீம் பக்கமா பாருங்க, அங்க கொஞ்சம் அமைதி.

காட்டா மலைச்சரிவு ஹோட்டல் வேண்டவே வேண்டாம். சீ வியூ சும்மா வருமா, உயரத்துல இருக்கறதாலதான் வருது. ரிசப்ஷன் ஒரு மட்டம், சாப்பாடு ஒரு மட்டம், ரூம் அதுக்கும் மேல, நடுவுல படிக்கட்டு, மழைல வழுக்கும். வண்டி விடறோம்பாங்க, ஒவ்வொரு தடவையும் போன் பண்ணி வரச் சொல்லணும், உங்க அம்மா மாதிரி ஆளுங்க ரெண்டு தடவ கூப்பிட்டுட்டு மூணாவது தடவ தொந்தரவு எதுக்குன்னு கீழ வராமலே இருந்துடுவாங்க. அப்புறம் நீங்க "அம்மாவுக்கு ரூம்தான் பிடிச்சிருக்கு"ன்னு சொல்லிட்டுத் திரிவீங்க.

மை காவ், இடம் அமைதிதான், நீளமான பீச், ஆனா கரையிலருந்து தண்ணி சட்டுனு ஆழமாகும், பாட்டாங் போக ஒரு மணி நேரம் ஆகும், எதுக்கெடுத்தாலும் டாக்ஸி. புக்கெட்ல டாக்ஸிக் கட்டணம் ஜாஸ்தி, கிராப், போல்ட் ஆப் ரெண்டும் போன்ல போட்டு வெச்சுக்குங்க. அங்க தங்கினா நீங்க ரெண்டு பேரும் நைட்ல வெளிய போறதே நடக்காது, சண்டை வரும், அதுக்கும் அம்மாதான் நடுவுல நிக்கணும்.

நான் சொல்றது கரோன், இல்லன்னா காட்டாலயே கீழ சமதரை. பாட்டாங் அங்கருந்து மலையத் தாண்டினா கால் மணி, இருபது நிமிஷம், நீங்க போய்ட்டு வந்துக்கலாம். பெரிய தோட்டம் வெச்ச, மாடி கம்மியான, லிஃப்ட் உள்ள ஹோட்டலாப் பாருங்க. பீச் ஃப்ரன்ட்னு போட்டிருந்தா மேப்ல சாட்டிலைட் வியூ போட்டுப் பாருங்க, பாதிக்கு மேல நடுவுல ரோடு ஓடும். ரிவ்யூல ஸ்டார் பாத்து மயங்காம படி, சத்தம், லிஃப்ட், கட்டட வேலை இந்த வார்த்தைங்களத் தேடுங்க, அதுவும் மே, ஜூன்ல தங்குனவங்க எழுதினத.

அப்புறம் ஹோட்டலுக்கு மெயில் போடுங்க. லாபிலருந்து ரூமுக்கும் ரூம்லருந்து சாப்பாட்டு ஹாலுக்கும் எத்தன படி, பாத்ரூம்ல டப் ஏறி இறங்கணுமா இல்ல தரையோட ஷவரா, கைப்பிடி இருக்கா, ரெண்டு ரூமுக்கும் நடுவுல கதவு உண்டா. புக்கிங்ல கனெக்டிங் ரூம்னு டிக் பண்ணா அது வெறும் வேண்டுகோள்தான், அவங்க மெயில்ல உறுதி பண்ணாத வரைக்கும் அம்மா மூணாவது மாடி, நீங்க ஆறாவது மாடின்னு போட்டுடுவாங்க. வெளிநாட்டு ஊர்ல நடுராத்திரி அவங்களுக்கு ஏதாவதுன்னா இன்டர்காம்ல எந்த நம்பர அமுக்கணும்னு தெரியாது.

வெளிய போறதப் பத்தி. புருஷன் பொண்டாட்டி தனியா ஒரு நைட் போறது நியாயம்தான், அத நான் குறை சொல்லல. ஒரு நைட், வேணும்னா ரெண்டு. அதுவும் அம்மாகிட்ட கேட்டு, அவங்க பசங்களோட இருக்க ஆசப்பட்டா. மத்த நாள் அவங்க நாள். புக்கெட் டவுன்ல பழைய சைனீஸ், போர்ச்சுகீசிய ஸ்டைல் வீட்டு வரிசை இருக்கு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தலாங் ரோட்ட மூடி நடைபாதைச் சந்தை போடுவாங்க, உங்க 5 நைட்ல ஒரு ஞாயிறு வந்தா அத விடாதீங்க. சலோங் புத்தர் கோயில் காட்டாலருந்து பக்கம்தான், கோயில்னா எந்த ஊர் கோயிலா இருந்தா என்ன, அவங்க ஒரு அரை மணி நேரம் உக்காந்துட்டு வருவாங்க. தெருவுக்குத் தெரு ஃபுட் மசாஜ் கடை இருக்கும், நாற்காலில உக்காந்தபடியே பண்ணுவாங்க, முட்டிய அமுக்க வேணாம்னு முன்னாடியே சொல்லிடுங்க, உங்க வைஃபும் பக்கத்து நாற்காலில உக்காந்தா ரெண்டு பேரும் பேசிட்டாவது இருப்பாங்க. ஃபி ஃபிய விட்டுடுங்க. அந்த மாசத்து அலைல ஸ்பீட்போட் தூக்கித் தூக்கிப் போடும், 4 வயசுப் பொண்ணுக்கும் அது ஆகாது. பையனுக்காகப் போயே ஆகணும்னா ஒருத்தர் போங்க, ஒருத்தர் அம்மாகூட இருங்க.

இவ்வளவும் முடியாது, எங்களுக்கு ரெஸ்ட் வேணும்னா அதையும் நேரா செய்ங்க. குழந்தைங்களக் கூட்டிட்டு நீங்க நாலு பேர் மட்டும் போங்க, அந்த ரெண்டாவது ரூம் காச அம்மா கைல குடுத்து அவங்க தங்கச்சி வீட்டுக்கோ அண்ணன் வீட்டுக்கோ அவங்க ஆசப்பட்ட கோயிலுக்கோ அனுப்பி வைங்க. அதுல ஒரு நேர்மை இருக்கு. கூட்டிட்டும் போவேன், கணக்குலயும் சேக்க மாட்டேன்னா பெத்தவங்களுக்குப் பண்றது அது இல்ல, என் அபிப்பிராயம் இதுதான், பிடிக்கலன்னா அடுத்த லெட்டர்ல திட்டுங்க.

ஃப்ரீ கேன்சலேஷன் உள்ள ரூமா போடுங்க. போடறதுக்கு முன்னாடி கரோன்ல ஒண்ணு, காட்டால ஒண்ணு, ரெண்டு ஹோட்டலோட போட்டோவ போன்ல அம்மாகிட்ட காட்டி எது வேணும்னு கேளுங்க, "உனக்கு எதுன்னாலும் ஓகேதானம்மா"ன்னு ஆரம்பிச்சா அவங்க ஓகேன்னுதான் சொல்லுவாங்க, அப்படி ஆரம்பிக்காதீங்க. பாட்டாங் போட்டோவ மட்டும் காட்டவே காட்டாதீங்க, உங்க முகத்தப் பாத்தே அதத்தான் எடுக்கச் சொல்லுவாங்க.