வடிவு என்ற பெயருக்கு என்ன பொருள்? இன்றைய குழந்தைக்கு வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். நல்ல தமிழ்ப் பெயர் இது. வடிவு என்றால் உருவம், அழகு இரண்டும். சென்னையில் அழகு என்ற பொருள் பேச்சில் தேய்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் இன்றும் 'வடிவான பிள்ளை' என்றால் அழகான பிள்ளைதான்.

வடசென்னையில் இந்தப் பெயருக்கு வேர் திருவொற்றியூர். தியாகராசர் கோயில் அம்மன் பெயர் வடிவுடையம்மன். அந்த 'உடை'யைத் துணி என்று பலர் நினைக்கிறார்கள், தவறு. உடைய என்பதன் சுருக்கம் அது. வடிவுடையாள் என்றால் அழகை உடையவள். இந்த அம்மனை வள்ளலார் வடிவுடை மாணிக்க மாலையில் 101 பாடல்களில் பாடியிருக்கிறார். மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என மூவரையும் பௌர்ணமியன்று ஒரே நாளில் தரிசிக்கும் வழக்கமும் உண்டு. நெல்லை காந்திமதிக்கும் வடிவுடையம்மை என்ற பெயர் இருப்பதால் தெற்கிலும் வடிவு புழங்கும்.

வடிவுக்கரசி, வடிவாம்பாள், வடிவழகி எல்லாம் இதன் கிளைகள். பாட்டிகள் தலைமுறையில் தெருவுக்குத் தெரு கேட்ட பெயர், இப்போது அபூர்வம். வகுப்பில் இன்னொரு வடிவு இருப்பது கடினம் என்பதே எனக்கு நல்ல காரணமாகப் படுகிறது.

ஒரு எச்சரிக்கை: கூப்பிட வடிவு, பதிவில் வடிவுடையாள் என்று வைத்தால், பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு மூன்றிலும் முழுப்பெயரையே ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டலில் கொடுங்கள். மாறினால் பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைய வேண்டிவரும்.