சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களுக்கு எந்த இன்ஜின்?

வேலூர் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். எல்லோரும் குதிரைத்திறனைத்தான் முதலில் கேட்கிறீர்கள். எடை, எரிபொருள், குளிர்விப்பு இந்த மூன்றையும் முடிவு செய்த பிறகு அந்த எண்ணைப் பாருங்கள். விமானத்தை வடிவமைத்தவர் ஓர் இன்ஜினைச் சொல்லியிருந்தால் அதையே வையுங்கள்.

கேள்வி: பழைய மாருதி 800 காரின் இன்ஜின் எங்களிடம் இருக்கிறது. இரண்டு பேர் அமரும் விமானத்தில் பொருத்தலாமா? (மாணவர், காட்பாடி)

தரையில் ஓட்டிக் கற்றுக்கொள்ள நல்ல இன்ஜின், தம்பி. ஆளை ஏற்றிப் பறக்க வேண்டாம். 796 சிசி இன்ஜின் தருவது 40 குதிரைத்திறனுக்கும் குறைவு. இரண்டு பேர் அமரும் சிறிய விமானங்கள் பெரும்பாலும் 80 முதல் 100 வரை கேட்கின்றன. அதைவிடப் பெரிய கார் இன்ஜினைத் தேடிப் பிடித்தாலும் சிக்கல் தீராது. நெடுஞ்சாலையில் சீராகப் போகும் கார் தன் சக்தியில் பாதியைக்கூடப் பயன்படுத்துவதில்லை. விமானமோ கிளம்பும்போது முழுச் சக்தியையும், பிறகு மணிக்கணக்கில் முக்கால் பங்கையும் கேட்கும். ரேடியேட்டரும் எண்ணெயும் அதைத் தாங்க வேண்டும்.

அடுத்தது சுழற்சி வேகம். 1.7 மீட்டர் விட்டமுள்ள புரொப்பல்லரை நிமிடத்துக்கு 5,500 சுற்றில் நேரடியாகச் சுழற்றினால் அதன் நுனி வினாடிக்கு 490 மீட்டர் வேகத்தில் போகும். ஒலியின் வேகமே சுமார் 350 மீட்டர்தான். இரைச்சல் மிஞ்சும், இழுவிசை கிடைக்காது. அதனால்தான் சிறிய விமானங்களுக்கென்றே செய்யப்படும் ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் இன்ஜினில், வேகத்தைக் குறைக்க 2.43-க்கு 1 என்ற கியர்பாக்ஸ் இருக்கிறது. லைகாமிங் ஓ-320 போன்ற விமான இன்ஜின்கள் 2,700 சுற்றோடு நின்று, புரொப்பல்லரை நேரடியாகவே சுழற்றுகின்றன.

"கியர்பாக்ஸை ராணிப்பேட்டைப் பட்டறையில் கடைந்துகொள்கிறோம்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அங்குள்ளவர்களின் கைத்திறனில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிபொருள் வெடிக்கும்போது கிராங்க்ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஒரு நொடிப்பொழுது முறுக்கப்பட்டு விடுபடுகிறது. மறுமுனையில் கனத்த புரொப்பல்லர். இந்த முறுக்கதிர்வு ஏதோ ஒரு வேகத்தில் ஒத்திசைந்துவிட்டால் நல்ல எஃகில் செய்த பல்லும் உடையும். கடைசல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இது தீராது. அதிர்வைக் கணக்கிட்டு, கருவி வைத்து அளந்தே தீர்க்க வேண்டும். அந்த வசதி இல்லாமல் தொடங்காதீர்கள்.

கேள்வி: பங்க் பெட்ரோல் ஊற்றலாமா? (குடியாத்தம்)

என்னை அதிகம் கவலைப்படுத்தும் கேள்வி இதுதான். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். ரோட்டாக்ஸ் 912 வரிசைக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 10 சதவீதம். லைகாமிங் நிறுவனம் எத்தனால் கலந்த பெட்ரோலை அனுமதிப்பதே இல்லை. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பர் குழாய்களையும் சில வகை ஃபைபர் கிளாஸ் டாங்கிகளின் பிசினையும் இளக்கிவிடும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். அதன்மேல் 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி, அசையாமல் வையுங்கள். அடியில் நிற்கும் தண்ணீர் 10-ஆம் கோட்டிலேயே இருந்தால் எத்தனால் இல்லை. மேலே ஏறியிருந்தால் அந்தப் பெட்ரோலை விமானத்தின் அருகிலேயே கொண்டு போகாதீர்கள். அடுப்பும் விளக்கும் இல்லாத திறந்த வெளியில் செய்யுங்கள்.

ஆக்டேனையும், அதாவது பெட்ரோல் தானாக முந்தி வெடிக்காமல் தாங்கும் அளவையும், கவனியுங்கள். 912 யுஎல்எஸ் குறைந்தது 95 ஆக்டேன் கேட்கிறது. ஈயம் கலந்த விமானப் பெட்ரோலில் ரோட்டாக்ஸ் ஓடும். ஆனால் எண்ணெயைச் சீக்கிரமாகவே மாற்ற வேண்டும்.

கேள்வி: டூ-ஸ்ட்ரோக் விலை குறைவாயிற்றே? (ஆம்பூர்)

குறைவுதான். ஆனால் டூ-ஸ்ட்ரோக்கான ரோட்டாக்ஸ் 582-ஐ 300 மணி நேரத்தில் முழுவதும் பிரிக்க வேண்டும், 912 யுஎல்எஸ் 2,000 மணி நேரம் தாங்கும். ஏலகிரி, ஜவ்வாது மலைப்பக்கம் பறக்க நினைக்கிற உங்களுக்கு வேண்டாம். அங்கே இன்ஜின் நின்றால் இறங்க இடம் கிடைக்காது.

கேள்வி: பழைய லைகாமிங் ஒன்று விலைக்கு வருகிறது. 600 மணி நேரமே ஓடியதாம். (ஓய்வுபெற்ற பொறியாளர், அரக்கோணம்)

ஐயா, எத்தனை மணி ஓடியது என்பதைவிட எத்தனை ஆண்டு ஓடாமல் கிடந்தது என்று கேளுங்கள். லைகாமிங்கில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மேற்புறம் இருக்கிறது. நிறுத்தி வைத்தால் எண்ணெய் கீழே வடிந்து, துரு பிடிப்பது அங்கேதான். அந்த நிறுவனமே 2,000 மணி அல்லது 12 ஆண்டு, எது முந்துகிறதோ அப்போது பிரிக்கச் சொல்கிறது. லாக் புத்தகத்தில் (இன்ஜினின் பதிவேட்டில்) புரொப்பல்லர் தரையில் அடித்த பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பிரித்துச் சோதித்த சான்றும் வேண்டும். லாக் புத்தகமே இல்லை என்றால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். எடையையும் மறக்க வேண்டாம்: ஓ-320 மட்டும் 110 கிலோ, 912 யுஎல்எஸ் சுமார் 60 கிலோ. ஒன்றுக்காக வரைந்த மூக்கில் மற்றொன்றை மாட்டினால் விமானத்தின் சமநிலையே மாறிவிடும்.

கேள்வி: நம் ஊர் வெயிலுக்குக் காற்றுக் குளிர்விப்பு போதுமா? அனுமதி கிடைக்குமா? (சத்துவாச்சாரி)

கத்திரி வெயில் 42 டிகிரியைத் தொடும் நாளில் வேலூர்க் காற்றின் அடர்த்தி, குளிர்ந்த நாளில் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமம். 100 குதிரைத்திறன் இன்ஜின் 90-ஐக்கூடத் தராது. காலையில் பறப்பது நல்லது. காற்றுக் குளிர்விப்பு போதும், உள்ளே வரும் காற்று சிலிண்டர்களின் இடுக்கு வழியாகவே போனால். அதற்கு இரவில் இன்ஜின் மூடிக்குள் ஒரு விளக்கை வைத்து, முன்துளை வழியாகப் பாருங்கள். காற்றைத் தடுக்கும் ரப்பர்ப் பட்டையும் மூடியும் சேரும் இடத்தில் வெளிச்சக் கீற்று தெரிந்தால் காற்றும் அவ்வழியே வீணாகிறது. அடைத்துவிடுங்கள்.

அனுமதிக்கு வழி உண்டு. மும்பையில் வீட்டு மாடியில் விமானம் கட்டிய விமானி அமோல் யாதவுக்கு 2019-இல் பறக்க அனுமதி கிடைத்தது. அவர் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. இன்ஜினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு எழுதுங்கள். அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத்தளம் இருக்கிறது. எந்த வான்வெளியில் பறக்கலாம் என்பதையும் அப்போதே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.