டிராக்டர் டிப்பர் வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

என்னிடம் 42 எச்.பி. டிராக்டர் இருக்கிறது. தொழு உரமும் ஏரி வண்டலும் அடிக்கத்தான் டிப்பர் (பெட்டியைத் தூக்கிக் கொட்டும் டிரெய்லர்) வேண்டும். வீடு கட்டுவதால் எம்-சாண்ட், ஜல்லியும் சில நடை வரும். பட்டறைக்காரர் 11 அடிக்கு 6 அடி, உயரம் இரண்டரை அடி போடச் சொல்கிறார். போடலாமா? (ஒரத்தநாடு விவசாயி)

வேண்டாம். பெட்டி பெரிதானால் நடை குறையுமே என்று அவர் சொல்கிறார். அச்சு தாங்க வேண்டியது எடையை. அதை முதலில் கணக்குப் பாருங்கள்.

11 × 6 × 2.5 என்றால் 165 கன அடி. நம் ஊரில் 100 கன அடி ஒரு யூனிட். நன்றாக மக்கிய தொழு உரம் யூனிட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு டன் இருக்கும்; அந்தப் பெட்டி நிறைய அள்ளினாலும் மூன்று டன்னை ஒட்டித்தான் வரும். அதே பெட்டியில் எம்-சாண்ட் நிரப்பினால்? யூனிட்டுக்கு நாலரை முதல் ஐந்து டன் வைத்தால், எட்டு டன். ஜல்லியும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான். காய்ந்த வண்டல் கொஞ்சம் இலகு, ஈரமாக அள்ளினால் அதுவும் மணலைத் தொட்டுவிடும். பெட்டி பெரிதாக இருந்தால் லோடு ஏற்றுகிறவர் நிரப்பாமல் விடமாட்டார். "இன்னும் இடம் இருக்கே" என்று ஒரு பக்கெட் கூடப் போடுவார். உங்கள் டிராக்டர் அதை இழுத்துவிடும் என்பதுதான் ஆபத்து. இழுப்பது சுலபம், நிறுத்துவதுதான் கஷ்டம்.

10 அடிக்கு 6 அடி, உயரம் 2 அடி போடுங்கள். உரத்துக்கும் வைக்கோலுக்கும் மேலே சொருகிக்கொள்ள ஒரு அடி உயரத்தில் கழற்றி மாட்டும் பலகை தனியாகச் செய்யச் சொல்லுங்கள். மணல், ஜல்லி அடிக்கும் நாளில் அந்தப் பலகை வீட்டிலேயே கிடக்கட்டும். இன்னொரு வேலையும் செய்யுங்கள். 10-க்கு 6 பெட்டியில் 20 அங்குல உயரம் வந்தால் சரியாக ஒரு யூனிட். பெட்டிக்குள் நாலு பக்கமும் 15 அங்குலத்தில் ஒரு மஞ்சள் கோடு, 20-ல் ஒரு சிவப்புக் கோடு பெயின்ட்டில் இழுத்துவிடுங்கள். மணல் மஞ்சளோடு நிற்கட்டும். அதுவே மூன்றரை டன். எவ்வளவு ஏற்றலாம் என்பதற்குக் கடைசி வார்த்தை டிரெய்லரின் ஆர்.சி.யில் இருக்கிறது: மொத்த எடையில் வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் உங்கள் பாரம்.

வண்டலுக்கு எத்தனை நடை என்று யோசிப்பீர்கள். ஏரி, குளங்களில் விவசாயத்துக்கு வண்டல் எடுக்க நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90 கனமீட்டர் என்று அரசு அளவு வைத்திருக்கிறது. 75 கனமீட்டர் என்பது இருபத்தாறரை யூனிட். இரண்டு பெட்டியையும் நிறைய அள்ளினாலும், பெரிய பெட்டி போட்டு மிச்சப்படுத்துவது ஏக்கருக்கு ஆறு நடை. அதற்காக ஒரு ஆக்சிலையும் கிளட்ச் பிளேட்டையும் விலையாகக் கொடுக்க வேண்டாம்.

இரண்டு சக்கர டிப்பரா, நாலு சக்கரமா? (விழுப்புரம்)

வயலுக்குள் இறங்குகிறவருக்கு இரண்டு சக்கரம். பாரத்தில் ஒரு பங்கு கொக்கி வழியாக டிராக்டரின் பின் சக்கரத்தில் உட்காரும், அதனால் ஈர மண்ணிலும் சக்கரம் வழுக்காமல் பிடிக்கும். ரிவர்ஸ் எடுப்பதும் எளிது. நாலு சக்கரத்தில் முன் அச்சு தனியாகத் திரும்புவதால் ரிவர்ஸ் எடுக்கப் பழகவே ஒரு வருடம் ஆகும். தார்ச்சாலையில் தூரமாகப் போகிற கரும்பு லோடுக்கு அது சரி.

இரண்டு சக்கரத்தில் ஒரு எச்சரிக்கை. பெட்டி எழும்போது பாரம் பின்னால் போய், கொக்கியை மேலே தூக்கும். கொக்கியில் மாட்டும் பின்னுக்கு (pin) லாக் கிளிப் இல்லாமல் ஒரு நடைகூடக் கொட்டாதீர்கள். கம்பியை வளைத்து மாட்டுவது லாக் ஆகாது.

பெட்டியைத் தூக்கும் ஜாக்கி பாதி தூக்கிவிட்டு நின்றுவிடுகிறது. ஜாக்கியை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். (மணப்பாறை)

அவசரப்படாதீர்கள். எங்கே நிற்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. பெட்டி சேஸை விட்டே எழும்பவில்லை என்றால் பாரம் அதிகம், அல்லது முன்பக்கமாகக் குவித்திருக்கிறார்கள், அல்லது பம்பு, ரிலீஃப் வால்வில் பிரஷர் இல்லை. ஆரம்பத்தில்தான் ஜாக்கிக்கு முழு வேலை. பாதி ஏறிய பிறகு நிற்கிறது என்றால் நான் முதலில் பார்ப்பது டிராக்டரின் ஆயில் அளவு. ஜாக்கி நீள நீள டிராக்டரிலிருந்து ஆயில் அதற்குள் போகிறது. உள்ளே மட்டம் இறங்கி, பம்பு காற்றை இழுக்க ஆரம்பித்ததும் பெட்டி அப்படியே நின்று நடுங்கும். பெட்டியை இறக்கி, ஆயில் கம்பியைத் துடைத்துப் பாருங்கள். கம்பெனி சொல்லும் ஆயிலையே ஊற்றுங்கள், கையில் கிடைத்ததைக் கலக்காதீர்கள்.

ஆயில் சரியாக இருந்தும் நிற்கிறதென்றால், ஈரக் களிமண் பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போது பெட்டியைத் தூக்கியபடியே டிராக்டரை முன்னும் பின்னும் உலுக்குவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், வண்டி பக்கவாட்டில் சாய்வது அந்த நேரத்தில்தான். இறக்கிவிட்டு மண்வெட்டியால் விடுவியுங்கள்.

தளத்துக்கு 4 மி.மீ. தகடு போதுமா, 5 மி.மீ. போடவா? (தாராபுரம்)

ஜல்லி, கருங்கல் கொட்டுகிறவர் 5 போடுங்கள். 10-க்கு 6 தளத்தில் கூடுதல் எடை 44 கிலோதான். உரமும் மண்ணும் மட்டும் என்றால் 4 போதும். மிச்சப் பணத்தைத் தகட்டுக்கு அடியில் குறுக்குச் சேனல்களை நெருக்கிப் போடுவதில் செலவழியுங்கள்.

பழைய டிப்பர் ஒன்று புதுசு போலப் பெயின்ட் அடித்து நிற்கிறது. எதைப் பார்த்து வாங்குவது? (பண்ருட்டி)

பெயின்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஒருமுறை பளபளவென்று நின்ற டிப்பரின் பின் கீலுக்குப் பக்கத்தில், சேஸ் சேனலில் ஐந்து ரூபாய் நாணயத்தால் சுரண்டினேன். பெயின்ட் உதிர்ந்தது, அதற்கடியில் பூசியிருந்த பட்டி (putty) உதிர்ந்தது, பட்டிக்கு அடியில் விரல் நீளத்துக்கு விரிசல். கொட்டும்போது மொத்தப் பாரமும் நிற்பது அந்தக் கீலில்தான். அங்கேயும், கொக்கிச் சட்டம் சேஸோடு சேரும் இடத்திலும் சுரண்டிப் பாருங்கள். பிறகு பெட்டியை முழுக்கத் தூக்கி, பத்து நிமிடம் அப்படியே நிறுத்தச் சொல்லுங்கள். தானாக இறங்கினால் ஜாக்கி சீலோ வால்வோ போய்விட்டது. அந்தப் பத்து நிமிடத்தில் அடியில் குனிந்து பார்க்கத் தோன்றும். சேஸில் பொருத்திய முட்டுக் கம்பியைக் கொடுக்காமல் தலையைக்கூட நீட்டாதீர்கள். ஒரு ஹோஸ் வெடிக்க ஒரு நொடி போதும்.

டிரெய்லருக்கு பிரேக் அவசியமா? டிராக்டர் பிரேக்கே நிற்குமே. (ஆத்தூர்)

வெறும் பெட்டிக்கு நிற்கும். ஐந்தாறு டன் பின்னால் இருக்கும்போது டிராக்டரை மட்டும் பிரேக் பிடித்தால், பெட்டி அதைத் தள்ளிக்கொண்டு வந்து குறுக்கே மடக்கும். ஏரிக்கரைச் சரிவில் அப்படி மடங்கிய வண்டியைத் தூக்கக் கூப்பிட்டார்கள், போனேன். டிரைவர் பையனுக்கு இருபது வயது. இடது காலால் கிளட்சை மிதித்தபடி சரிவில் இறங்கியிருக்கிறான். உயிர் தப்பியது அவன் பெற்றோர் செய்த புண்ணியம். கிளட்சை மிதித்தால் எஞ்சின் பிடிப்பு போய்விடும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ரோட்டுக்கு வரும்போது இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டுங்கள். புதிதாகக் கட்டும் டிப்பருக்கு டிரெய்லர் பிரேக் கேட்டு வாங்குங்கள். பட்டறையில் "யாரும் போடுறதில்லை" என்பார்கள். நீங்கள் போடுங்கள். பின்னால் சிவப்பு ஒட்டுப்பட்டையும் எரிகிற விளக்கும் இல்லாமல் இரவில் எடுக்காதீர்கள், பின்னால் பைக்கில் வருகிறவனுக்கு அந்த இருட்டுப் பெட்டி தெரியாது.

விவசாய டிரெய்லரில் வாடகைக்கு மணல் அடிக்கலாமா? (திண்டிவனம்)

கூடாது. வாடகைக்கு ஓட்டினால் அது போக்குவரத்து வாகனம். பதிவும் பர்மிட்டும் இன்சூரன்சும் அதற்குத் தக்கபடி வேண்டும். விபத்து நடந்தால் இழப்பீட்டில் சிக்கல் வரும். லோடோடு கனிமவளத் துறையின் நடைச்சீட்டும் கையில் இருக்க வேண்டும். சொந்த வயலுக்கு வண்டல் அள்ளுகிறவரும், 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே கிடைக்கிற அனுமதியை வாங்கிக்கொண்டு ஏரியில் இறங்குங்கள்.