போர் நின்றது 1918இல், முடிந்தது எப்போது? முதல் உலகப் போர் கேள்வி-பதில்

ஒரு புத்தகம் 1918 என்கிறது, இன்னொன்று 1919 என்கிறது. தேர்வில் எதை எழுதுவது?

சண்டை எப்போது நின்றது என்று கேட்டால் 1918 நவம்பர் 11, காலை 11 மணி. அது வெறும் போர்நிறுத்தம். 36 நாளுக்குத்தான் செல்லும் என்பதால் மூன்று முறை நீட்டித்தார்கள். சமாதான உடன்படிக்கை பிரான்சின் வெர்சாயில் கையெழுத்தானது 1919 ஜூன் 28, நடைமுறைக்கு வந்தது 1920 ஜனவரி 10. அமெரிக்க செனட் அதை ஏற்கவே இல்லை. அமெரிக்கா 1921 ஆகஸ்டில் ஜெர்மனியோடு தனி ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. துருக்கியோடு கணக்கு தீர 1923இல் சுவிட்சர்லாந்தின் லொசான் உடன்படிக்கை வரை போக வேண்டியிருந்தது. ஆக, நாட்டுக்கு ஒரு தேதி. வினாத்தாளில் 'போர்நிறுத்தம்' என்றிருக்கிறதா, 'உடன்படிக்கை' என்றிருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

பெர்லின் பக்கம் எதிரி வரவே இல்லை. அப்படியானால் ஜெர்மன் ராணுவத்தை உள்ளூர் அரசியல்வாதிகள் முதுகில் குத்தியது நிஜம்தானே?

இல்லை. போர்நிறுத்தம் கேளுங்கள் என்று 1918 செப்டம்பர் 29 அன்று ஜெர்மன் பேரரசர் கைசரிடம் சொன்னவர்கள் தளபதிகள் ஹிண்டன்பர்க்கும் லூடன்டார்ஃபும்தான். அன்றே பல்கேரியா பணிந்தது. அக்டோபர் 30 துருக்கி, நவம்பர் 3 ஆஸ்திரியா. ஆனால் கையெழுத்துப் போட முன்னால் அனுப்பப்பட்டவர் எர்ஸ்பெர்கர் என்ற அரசியல்வாதி. பழி அவர் தலையில் விழுந்தது; 1921இல் சுட்டுக் கொன்றார்கள்.

போர்நிறுத்த நிபந்தனைகளைப் படித்தால் நிலைமை புரியும். ஜெர்மனி ஒப்படைக்க வேண்டியவை: 5,000 பீரங்கி, 1,700 விமானம், 5,000 ரயில் எஞ்சின், 1,50,000 ரயில் பெட்டி. இதில் எஞ்சின்தான் முக்கியம். அன்றைக்கு லட்சக்கணக்கான படையை எல்லைக்குக் கொண்டுபோக ரயிலை விட்டால் வழியில்லை. எஞ்சின் போனால் மறுபடி சண்டையைத் தொடங்க முடியாது. இயந்திரத் துப்பாக்கி முதலில் 30,000 கேட்டார்கள். உள்நாட்டில் புரட்சியை அடக்க எங்களுக்கும் கொஞ்சம் வேண்டும் என்று ஜெர்மன் தரப்பு சொல்ல, 25,000 ஆகக் குறைந்தது. ஜெயிக்கிற நிலையில் இருக்கிறவன் பேசுகிற பேரமா இது?

போரில் வென்ற நாடுகள் கேட்ட நட்ட ஈட்டைக் கட்டத்தான் ஜெர்மனி நோட்டு அடித்து விலைவாசியை ஏற்றிவிட்டதா?

பலரும் சறுக்குகிற இடம். ஜெர்மன் நாணயமான மார்க்கைக் காகித நோட்டாக நட்ட ஈட்டுக்கு யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. தங்கம், அந்நியச் செலாவணி, நிலக்கரி, மரம் என்றுதான் கொடுக்க வேண்டும். 1921இல் விதித்த தொகை 13,200 கோடி தங்க மார்க். அதை ஏ, பி, சி என்று மூன்று வகைப் பத்திரமாகப் பிரித்தார்கள். சி வகையில் மட்டும் 8,200 கோடி. அது வசூலாகும் என்று போட்டவர்களே பெரிதாக நம்பவில்லை. நிஜமான சுமை மீதி 5,000 கோடி.

பணவீக்கத்தின் வேர் போர்ச் செலவில் இருக்கிறது: வரியை ஏற்றாமல் பெரும்பாலும் கடனில் ஓட்டினார்கள். நட்ட ஈட்டுக்குச் செலாவணி வாங்க மார்க்கை விற்றதில் அதன் மதிப்பு மேலும் சரிந்தது உண்மை. ஆனால் கட்டறுந்து போனது 1923 ஜனவரிக்குப் பிறகு. மரமும் நிலக்கரியும் பாக்கி என்று பிரான்சும் பெல்ஜியமும் ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதிக்குள் புகுந்தன. அதை எதிர்த்து அங்கே வேலையை நிறுத்தியவர்களுக்கு ஜெர்மன் அரசே சம்பளம் கொடுத்தது, அச்சடித்த நோட்டில். நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு ரென்டன்மார்க் என்று புதுப்பணம் வந்த பிறகே மூச்சுவிட முடிந்தது.

இந்த விவகாரம் சார்ந்த கடன் பத்திரங்களின் கடைசித் தவணை 2010 அக்டோபர் 3 அன்று கட்டப்பட்டது.

அடிமை நாடான இந்தியா வெர்சாயில் கையெழுத்திட்டதாமே?

ஆம். இந்தியாவின் பெயரில் கையெழுத்திட்டவர்கள் இந்திய விவகார அமைச்சர் மாண்டேகுவும் பிகானேர் மகாராஜா கங்கா சிங்கும். ஜாலியன்வாலா பாக் நடந்து 76 நாள்தான் ஆகியிருந்தது. அதே வழியில் ஐ.நா.வுக்கு முன்னோடியான பன்னாட்டுச் சங்கத்திலும் இந்தியா தொடக்க உறுப்பினர் ஆனது.

போர்நிறுத்தம் கையெழுத்தான ரயில் பெட்டியை இப்போது பார்க்க முடியுமா?

அசலைப் பார்க்க முடியாது. 2419டி என்ற அந்தப் பெட்டியிலேயே 1940 ஜூன் 22 அன்று பிரான்சைக் கையெழுத்துப் போட வைத்தார் ஹிட்லர். பிறகு பெர்லினுக்கு எடுத்துப்போனார். 1945இல் அது அழிந்தது. பிரான்சில் போர்நிறுத்தம் கையெழுத்தான இடமான கொம்பியேன் காட்டு அருங்காட்சியகத்தில் நிற்பது அதே வரிசையில் செய்த 2439டி. எண்ணை மட்டும் 2419டி என்று மாற்றி எழுதியிருக்கிறார்கள்.