310 ரூபாய்க்கு ஏலம் போன வயல்

வணக்கம்.

பள்ளத்தூரில் எங்கள் வீட்டை ஒழுங்கு செய்தபோது இரண்டாங்கட்டு அறையில் இருந்த இரும்புப்பெட்டியில் இரண்டு பத்திரங்கள் கிடைத்தன. ஒன்று, தேவகோட்டை கோர்ட்டு முத்திரையோடு 1934 மார்ச் மாதத்து ஏலத்துக்கான சர்டிபிகேட். கல்லல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கண்மாய்ப் பாசன நஞ்சை, 2 ஏக்கர் 40 செண்டு. புரோநோட்டுக் கடனுக்கான டிக்ரித் தொகை, அதாவது கோர்ட்டு தீர்ப்பளித்த தொகை, 1,140 ரூபாய். ஏலம் போனது 310 ரூபாய்க்கு. கடன் கொடுத்தவர் எங்கள் ஐயா, ஏலம் எடுத்தவரும் அவரே. ‘வேறொருவரின் 600 ரூபாய் முன் ஈட்டுக்கு உட்பட்டு’ என்று ஒரு வரி இருக்கிறது. இன்னொன்று பர்மாவில் பியாபோன் ஜில்லா, 46 ஏக்கர், 1932. ‘கடனுக்கு நேர்’ என்று எழுதி, கடன் வாங்கியவரும் ஐயாவின் ஏஜெண்டும் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

வட்டிக்கடைக்காரர்கள் ஏலத்துக்கு ஆள் வராமல் பார்த்துக்கொண்டு அடிமாட்டு விலைக்கு நிலத்தைச் சுருட்டினார்கள் என்று படித்திருக்கிறேன். எங்கள் ஐயாவும் அப்படித்தானா? இந்த ஏலங்கள் எப்படி நடந்தன?

மெ. சு.

அன்புள்ள மெ. சு.,

ஆள் வராமல் பார்த்துக்கொண்டவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 310 என்ற எண்ணை மட்டும் பார்த்து அந்த முடிவுக்குப் போகாதீர்கள். அது வயலின் விலையே இல்லை.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்ட ‘முன் ஈட்டுக்கு உட்பட்டு’ என்ற வரியில்தான் விஷயம் இருக்கிறது. சிவில் கோர்ட்டு ஏலத்தில் விற்பது நிலத்தையல்ல, அந்த நிலத்தில் கடனாளிக்கு மிச்சமிருக்கும் உரிமையை. ஏற்கெனவே ஒருவர் 600 ரூபாய்க்கு ஈடு, அதாவது அடமானம், பிடித்திருந்தால் அந்த ஈடு அப்படியே நிற்கும், எடுத்தவர் தலையில் விடியும். ஆக உங்கள் ஐயா அந்த வயலுக்கு ஒப்புக்கொண்டது 310 அல்ல, 910. முன் ஈட்டுக்கு வட்டி ஏறியிருந்தால் அதற்கும் மேல்.

அரசாங்கத் தீர்வை பாக்கிக்காகத் தாசில்தார் போடும் ஏலம் வேறு வகை. 1864-ஆம் வருஷத்துச் சென்னை வருவாய் வசூல் சட்டப்படி அதில் வில்லங்கம் எல்லாம் கழன்றுவிடும், வாங்கியவருக்கு நிலம் சுத்தமாகக் கிடைக்கும். ஏலம் விழுந்த இடத்திலேயே 15 சதவீதம் கட்டி, மீதிக்கு 30 நாள் தவணை. இந்த இரண்டு ஏலங்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு ‘அங்கே அவ்வளவு போனது, இங்கே இவ்வளவுதானா’ என்று ஒப்பிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

உங்கள் சர்டிபிகேட் 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆவது ஆணைப்படி வந்தது. டிக்ரி ஆனதும் பணம் வராவிட்டால் டிக்ரிதார், அதாவது டிக்ரி வாங்கியவர், நிறைவேற்று மனுப் போடுவார். கோர்ட்டு ஊழியரான அமீனா கிராமத்துக்குப் போய் நிலத்தை ஜப்தி செய்வார். தமுக்கு அடித்து, நிலத்திலும் கோர்ட்டு வாசலிலும் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். பிறகு ஏல விளம்பரம். அதில் நிலத்தின் விவரம், அதன் மேல் உள்ள வில்லங்கம், வசூலாக வேண்டிய தொகை மூன்றும் இருந்தாக வேண்டும். விளம்பரம் கோர்ட்டில் ஒட்டிய நாளிலிருந்து, அன்றைய சட்டப்படி, 30 நாள் கழிந்தால்தான் ஏலம்.

கோளாறு பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அமீனா சாவடியிலேயே உட்கார்ந்து, தமுக்கு அடித்ததாக எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். அடுத்தது நிலத்தின் விவரம். ஜமீன் கிராமங்களில் சர்வே எண் இல்லாத இடத்தில் நான்கெல்லையை மட்டும் எழுதுவார்கள். ‘கிழக்கே இன்னார் வயல்’ என்று இருக்கும். அந்த இன்னார் விற்றுவிட்டுப் போயிருந்தால் எல்லையே ஆட்டம் கண்டுவிடும். விளம்பரம் பரப்பைச் சொல்லும், தண்ணீரைச் சொல்லாது. கல்லல் பக்கத்தில் நஞ்சை என்றால் கண்மாயை நம்பிய நஞ்சை. மடைக்குப் பக்கத்து வயலும் கடைமடை வயலும் காகிதத்தில் ஒன்றுதான், தை மாதம் போய்ப் பார்த்தால் ஒன்று விளைந்திருக்கும், மற்றது கருகியிருக்கும். வெளியூர்க்காரர் இதைத் தெரிந்துகொள்ளாமல் கேட்க மாட்டார். தெரிந்த உள்ளூர்க்காரரோ பக்கத்து வீட்டுக்காரன் வயலைக் கூசாமல் கேட்க வேண்டும். அதற்கு மனசு வராதவர்களே அதிகம். ஆளை யாரும் தடுக்காமலே ஏலத்தில் ஆள் குறைவதற்கு இது போதும்.

ஜமீனில் இன்னொரு முடிச்சும் உண்டு. கல்லல் அன்று சிவகங்கை ஜமீனைச் சேர்ந்தது. அங்கே மேல்வாரம், அதாவது தீர்வை வாங்கும் உரிமை, ஜமீன்தாருக்கு; குடிவாரம், அதாவது உழுது அனுபவிக்கும் உரிமை, குடியானவருக்கு. குடியானவர் கடனுக்காக ஏலம் போட்டால் விற்பது குடிவாரம் மட்டும்தான். எடுத்தவர் அதன்பின் ஜமீனுக்குத் தீர்வை கட்டிவர வேண்டும். கட்டாவிட்டால் 1908-ஆம் வருஷத்து எஸ்டேட் நிலச் சட்டப்படி அதே வயலை ஜமீன் தன் பாக்கிக்காக இன்னொரு தடவை ஏலத்துக்குக் கொண்டுவரலாம்.

இப்போது பணம். டிக்ரிதார் தானே ஏலம் கேட்கக் கோர்ட்டின் அனுமதி வேண்டும். கிடைத்துவிட்டால் அவர் ரொக்கம் கொண்டுவரத் தேவையில்லை, ஏலத் தொகையை டிக்ரியில் கழித்துக்கொள்ளலாம். மற்றவர் கேட்டிருந்தால்? 310 ரூபாய்க்கு உடனே கால் பங்கு, அதாவது 77 ரூபாய் 8 அணா, அந்த இடத்திலேயே எண்ணி வைக்க வேண்டும். மீதி 232 ரூபாய் 8 அணா 15 நாளுக்குள். தவறினால் மறு ஏலம், முன்பணமும் பறிபோகலாம். மறு ஏலத்தில் விலை குறைந்தால் அந்த வித்தியாசமும் தவறியவர் தலையில். 1934-ஐ நினைத்துப் பாருங்கள். நெல் விலை விழுந்து மூன்று நான்கு வருஷம் ஆகிறது. ரொக்கம் வைத்திருந்தவர் ஊருக்கு எத்தனை பேர்? ஒருவர் பேரேட்டில் கோடு கிழித்து வாங்கினார், மற்றவர் மடியிலிருந்து அவிழ்க்க வேண்டியிருந்தது. விலை சரிந்ததற்கு முதல் காரணம் இந்த ஏற்பாடுதான் என்பது என் கணிப்பு. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை, நியாயம் இருந்ததா என்பது வேறு கேள்வி.

கடனாளி ஏன் அந்த 310-ஐக் கட்டி வயலை மீட்கவில்லை என்று கேட்பீர்கள். 310 கட்டினால் வயல் திரும்பாது. அன்றைய சட்டப்படி ஏலத்திலிருந்து 30 நாளுக்குள், விளம்பரத்தில் கண்ட முழு டிக்ரித் தொகையும், ஏலம் எடுத்தவருக்கு நஷ்ட ஈடாக ஏல விலையில் 5 சதவீதமும் கட்ட வேண்டும். உங்கள் பத்திரக் கணக்கில் 1,140-உடன் 15 ரூபாய் 8 அணா. ஆயிரத்துச் சொச்சம் திரட்ட முடிந்தவர் ஏலம் வரைக்கும் வந்திருக்கவே மாட்டார். தமுக்கு அடிக்கவில்லை, வில்லங்கத்தை மறைத்தார்கள் என்று முறைகேட்டைக் காட்டி ஏலத்தைத் தள்ளச் சொல்லலாம். அதற்கும் அன்று 30 நாள்தான் கெடு. முறைகேட்டால்தான் தனக்குக் கணிசமான நஷ்டம் வந்தது என்று நிரூபிக்கவும் வேண்டும். விலை குறைவு என்பது மட்டும் செல்லாது. இத்தனைக்குப் பிறகும் டிக்ரியில் 830 ரூபாய் பாக்கி நின்றது. ‘வயலும் போச்சு, கடனும் தீரலை’ என்று ஊரில் பேசியது இதைத்தான்.

ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த 1938-ஆம் வருஷத்து விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தில், நடந்து முடிந்த ஏலத்தையே ரத்துச் செய்ய ஒரு வழி வைத்தார்கள். ஆனால் 1-10-1937-க்குப் பிறகு நடந்த ஏலங்களுக்கு மட்டும். உங்கள் 1934 அதில் வராது.

பர்மாப் பத்திரத்துக்கு வருகிறேன். அது ஏலச் சர்டிபிகேட்டே அல்ல, கிரயப் பத்திரம். கடனாளியே நிலத்தை எழுதிக்கொடுத்துக் கணக்கை நேர் செய்துகொண்டிருக்கிறார். அதில் ‘குவின்’ என்று ஒரு பெயர் இருந்தால், அது அந்நாட்டு சர்வே வரைபடத்தில் ஒரு வயல்வெளிப் பகுதி. 1930-க்குப் பிறகு நெல் விலை முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே போனபோது, கோர்ட்டுக்குப் போனால் முத்திரைச் செலவும் வக்கீல் செலவும் மிஞ்சும், ஏலம் போட்டால் கேட்க ஆளில்லை. இரு தரப்பும் பேசி எழுதிக்கொள்வதே மலிவு. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930-இல் செட்டியார்கள் கையில் இருந்தது சாகுபடி நிலத்தில் 6 சதவீதம். 1938-இல் அது 25 சதவீதம், ஏறக்குறைய 25 லட்சம் ஏக்கர்.

இதை நிலப்பசி என்று எழுதுகிறவர்கள் லேவாதேவிக் கணக்கைப் பார்க்காதவர்கள். வட்டிக்கடையின் முதலில் ஒரு பகுதி சொந்தப் பணம், மீதி உறவினர் போட்ட தவணைப் பணமும் அடத்தியில், அதாவது மற்ற கடைகளுக்குக் கடன் கொடுக்கும் பெரிய கடைகளில், வாங்கியதும். அவற்றுக்கு மாதாமாதம் வட்டி ஏறும். ஏக்கர் ஏறாது, நெல் குத்தகையும் விலை விழுந்த நெல்லாகத்தான் வரும். மூன்று வருஷத் தவணைக்குப் போன ஏஜெண்ட், கடனை வசூலித்து வந்தால் கெட்டிக்காரர், நிலமாக மாற்றிவிட்டு வந்தால் முதலை முடக்கியவர். 1942-இல் ஜப்பான் படை வந்தது. 1948-இல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் போட்டது. பியாபோன் பத்திரத்தை வைத்து இனிச் செய்ய ஒன்றுமில்லை, பத்திரமாக வைத்திருங்கள்.

கல்லல் வயலுக்கு மட்டும் ஒரு வேலை இருக்கிறது. ஏலம் ஊர்ஜிதமானால் உரிமை ஏல நாளிலிருந்தே வாங்கியவருக்குச் சேரும், ஆனால் நிலம் தானாகக் கைக்கு வராது. அன்றைய சட்டப்படி மூன்று வருஷத்துக்குள் மனுப் போட்டு அமீனா மூலம் சுவாதீனம், அதாவது அனுபவம், எடுக்க வேண்டும். குத்தகைதாரர் உழுதுகொண்டிருந்தால் சர்டிபிகேட் நகலை நிலத்தில் ஒட்டித் தமுக்கு அடிப்பதோடு சரி, அவர் உழுதுகொண்டேதான் இருப்பார். இதைச் செய்யாமல் சர்டிபிகேட்டை மட்டும் பெட்டியில் பூட்டி வைத்தவர்கள் ஏராளம். கோர்ட்டுச் சர்டிபிகேட்டைத் தனியாகப் பதிய வேண்டியதில்லை, கோர்ட்டே நகலைச் சப் ரிஜிஸ்தரார் ஆபீசுக்கு அனுப்பிவிடும். ஆகவே வில்லங்கச் சான்றில் பெயர் வந்தால் அதை வைத்துக் குதித்துவிடாதீர்கள். அதே இரும்புப்பெட்டியில் சுவாதீனம் எடுத்த ரசீதும், பசலி 1344 (1934 ஜூலையில் தொடங்கிய வருவாய் ஆண்டு) முதல் சிவகங்கை ஜமீனுக்குத் தீர்வை கட்டிய ரசீதுகளும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இல்லையென்றால் ஐயா அந்த வயலின் வரப்பில் கால் வைக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.