எதை வாங்கினாலும் மனம் ஆறவில்லை

அன்புள்ள டொக்டர்,

எனக்கு வயது 43. வெள்ளவத்தையில் இருக்கிறோம். தனியார் நிறுவனமொன்றில் கணக்குப் பிரிவில் வேலை. இரண்டு பிள்ளைகள். குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் எதை வாங்கினாலும் மனம் ஆறுவதில்லை.

போன மாதம் ஒரு ரைஸ் குக்கர் வாங்க மூன்று வாரம் எடுத்தது. காலி வீதியில் நான் ஏறி இறங்காத கடை இல்லை. இரவில் ஃபோனில் மற்றவர்கள் எழுதியதைப் படித்துக்கொண்டிருப்பேன். கடைசியில் ஒன்றை வாங்கி வந்த அன்றே, அதே விலைக்கு இன்னொன்று ஒன்லைனில் கண்ணில் பட்டது. அன்று வைத்த சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை. பிள்ளைகளுக்கு பிஸ்கட் எடுக்கவே சுப்பர் மார்க்கெட்டில் பத்து நிமிடம் நிற்கிறேன். இரவுச் சாப்பாடு ஓடர் பண்ணலாம் என்று பார்த்தால், கொத்தா பிரியாணியா என்று தேடி முடிக்கும்போது பசியே போய்விடுகிறது. 2022இல் காஸுக்கு வரிசையில் நின்றபோதுகூட இந்த அலுப்பு இல்லை. கிடைத்த சிலிண்டரைக் கொண்டுவந்து சந்தோஷமாகச் சமைத்தோம்.

இவருக்கு இதெல்லாம் விளங்காது. "ஏதாவது ஒன்றை எடுமப்பா" என்பார். அவருக்கு எல்லாம் ஒன்றுதான். முன்பு சம்பள நாளில் புறக்கோட்டையில் இறங்கி எனக்குச் சாறி வாங்கி வருவார். கத்தரிப்பூ நிறம், இல்லாவிட்டால் அதைவிட மோசம். நான்தான் பில்லோடு போய் மாற்றி வருவேன். இந்த முறை பிறந்தநாளுக்கு ஓர் உறையில் காசு தந்தார். அதுவும் வசதிதான், மாற்ற அலையத் தேவையில்லை. என்ன வாங்குவது என்று முடிவாகாமல் அலுமாரிக்குள் கிடக்கிறது.

தெரிவுகள் கூடினால் சந்தோஷம் குறையும் என்று அமெரிக்காவில் 24 வகை ஜாம் வைத்து ஆராய்ச்சியே செய்திருக்கிறார்களாம். படித்தபோது அழுகை வந்துவிட்டது. அந்தக் குக்கரைப் பார்த்தால் இப்போதும் எரிச்சல்தான். நான் என்ன செய்ய?

வெள்ளவத்தை வாசகி

அன்புள்ள சகோதரி,

ஒரு ரைஸ் குக்கருக்காக யாரும் அழமாட்டார்கள்.

அந்த ஜாம் ஆராய்ச்சி 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. 24 வகை வைத்தபோது மேசையடியில் நின்றவர்களில் நூற்றுக்கு 3 பேர்தான் வாங்கினார்கள். 6 வகை வைத்தபோது 30 பேர். சரி. ஆனால் இப்படியான பல பரிசோதனைகளை 2010இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, சராசரியில் விளைவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்று தெரிந்தது. ஆகவே காலி வீதிக் கடைகளை நோகாதீர்கள். வரிசைக் காலத்தையும் இனிப்பாக்க வேண்டாம். அப்போது அடுப்பெரியாத வீடுகளும் இருந்தன.

நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த உறையைப் பற்றிய வரியை. "வசதிதான்" என்று மூடிவிட்டு, மறுபடியும் குக்கருக்கே போய்விட்டீர்கள்.

டானியல் கில்பர்ட், ஜேன் எபர்ட் என்ற உளவியலாளர்கள் 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாணவர்கள் தாங்களே கமராவில் எடுத்த இரண்டு படங்களில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். சிலருக்கு, வேண்டுமானால் பிறகு மாற்றலாம் என்றார்கள். மற்றவர்களுக்கு அந்த வழி இல்லை. மாற்ற முடிந்தவர்களுக்குத்தான் கையிலிருந்த படம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இனி இதுதான் என்றானால் மனம் அதோடு பழகி, அதில் வடிவு காணத் தொடங்கிவிடும். நீங்கள் பில்லைப் பத்திரப்படுத்தியதால் ஒரு சாறிக்கும் அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

சாறிக்கு மட்டுமா? சம்பளக் காசோடு புறக்கோட்டைச் சனத்துக்குள் புகுந்து, உங்களை நினைத்து ஒரு நிறத்தைக் கையில் எடுத்த மனுஷன் அவர். அவர் எடுத்தது ஒவ்வொரு முறையும் கடைக்கே திரும்பிப் போனது. அவருக்கு எல்லாம் ஒன்று என்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை, களைத்துப்போயிருக்கிறார். கோபிக்காதீர்கள், உறைக்குள் காசு வைக்க அவருக்குப் பழக்கியது நீங்கள்தான். உங்களுக்கும் அது உள்ளூரத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது இத்தனை நாள் அலுமாரிக்குள் கிடக்காது.

சாமான் வாங்குவதென்றால் மூன்று கடை போதும், வாங்கியபின் விலை பார்க்காதீர்கள். அதை விடுங்கள்.

உறையை எடுத்து அவர் கையில் கொடுங்கள். "நீங்களே ஒரு சாறி வாங்கி வாங்கோ" என்று சொல்லுங்கள். பயந்துபோய் "நீயும் வா" என்பார். போகாதீர்கள். கத்தரிப்பூ நிறத்திலேயே வந்தாலும் பில் எங்கே என்று கேட்காமல், வெள்ளிக்கிழமை கோயிலுக்கு உடுத்திக்கொண்டு அவரோடு போங்கள்.